சிபாரிசு: சிலம்பரசன்

போலீஸ்காரர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சுருட்டில் சுற்றி வரும் காகித வளையங்கள், சிவப்பும் தங்க நிறமுமாக, நாற்பதுக்குக் குறையாமல் கண்ணாடி மேசைமேல் சிதறின.

"எல்லாம் இந்தக் கடையிதுதானே?"

டூமாஸ் வீதியில் வெளிநாட்டுச் சுருட்டு விற்கிற கடை இது ஒன்றுதான், அதில் விற்பனையாளும் சிலம்பரசன் ஒருவன்தான். இல்லை என்று சொல்ல வழியே இல்லை.

"ஆமா சார்."

"எங்கப்பா பொட்டியில கெடந்திச்சி. சவரிராயன்னு பேரு. மாசாமாசம் இங்க வருவாராமே?"

சிவப்புத் தொப்பியைக் கழற்றாமலே நின்றார் போலீஸ்காரர். அவருக்குப் பின்னால், கையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டு, வெளிர்நிறப் புடவையில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

பிரெஞ்சு மரியாதையில் முசே என்று அவன் கூப்பிடுகிற சவரிராயனைத் தெரியாமல் இருக்குமா! பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வந்த மறுநாளே வந்து, ஒரே வகையில் பத்துச் சுருட்டு வாங்கிப் போவார். இங்கேயே ஒன்று பற்ற வைத்துப் பாருங்களேன் என்றால், "வூட்டுக்குப் போயிதான்" என்று சிரித்துவிட்டுப் போவார்.

"முசே நல்லா இருக்காரா சார்?"

"செத்துட்டாரு. இன்னியோட பதினெட்டு நாள். நெஞ்சுவலி."

முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்த பலகை சிலம்பரசனுக்கு அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. 'சுருட்டுப் பிரியர்கள் ஒரு தடவையாவது பிடித்துப் பார்க்க வேண்டிய ஐந்து' என்று அவனே அழகாக எழுதி, மிதமானதில் தொடங்கி காரமானதுவரை வரிசை போட்டது. முதலாளி தேவதாஸ் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், அடியில் 'சிபாரிசு: சிலம்பரசன்' என்று வேறு போட்டிருந்தான்.

முசே மாதம் ஒரு வகையாக அந்த வரிசையைத் தவறாமல் பின்பற்றினார். மூன்று வரை சிக்கல் இல்லை. போன மாதம் நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நெஞ்சைப் புடிக்காதே தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டார். "ஒன்னும் ஆவாது முசே, நான் கேரண்டி" என்று சொன்னது இந்தப் பாழும் வாய்தான்.

போலீஸ்காரர் பலகையை நிதானமாகப் படித்தார். "யாரு இந்த சிலம்பரசன்?"

"அவரு... இன்னைக்கு லீவு சார்."

போலீஸ்காரரின் பார்வை மெல்ல இறங்கி அவன் சட்டையில் குத்தியிருந்த பெயர்வில்லையில் நின்றது.

"ஸ்டேஷன்ல எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். பேரைச் சட்டையில குத்திக்கிட்டுப் பொய் சொல்ற ஆளு நீதான்யா மொதல்ல!"

"ஆரோன்," என்றார் அந்த அம்மாள். "நீ போயி வண்டியில இரு. இவருகிட்ட நான் பேசிக்கிறேன்."

"அம்மா, இவன சும்மா விட்டா..."

"போடான்னா போ."

மகன் முறைத்துக்கொண்டே வெளியே போனார். கதவு மூடியதும் சிலம்பரசனின் பயம் இரண்டு மடங்கானது. போலீஸ்காரர் என்றால் காலில் விழுந்தாவது பார்க்கலாம். புருஷனைப் பறிகொடுத்தவரிடம் என்னவென்று சொல்வது?

"நாலாவது எது? எடு."

எடுத்துக் கொடுத்தான். அவர் அதைக் காதோரம் வைத்து, இரண்டு விரலால் மெல்ல உருட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். சாட்சிக்கு எடுத்துப் போகத்தான் பார்க்கிறார் என்று அவன் நினைத்தான்.

"இது நெஞ்சைப் புடிக்காதுன்னு நீதான் சொன்னியாமே. வூட்டுக்கு வந்து சொன்னாரு."

"ஆமா மதாம்."

"அஞ்சாவது கிறிஸ்மசுக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அதுக்குள்ள போயிட்டாரு." இப்போதுதான் அவர் கண் கலங்கியது.

சிலம்பரசனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. இரண்டு கையையும் கூப்பிவிட்டான். "மதாம், சத்தியமா நல்ல எண்ணத்துலதான் சொன்னேன். மன்னிச்சிடுங்க. எனக்கு ரெண்டு வயசுல பொண்ணு இருக்கு, கவிநிலான்னு பேரு. நான் ஜெயிலுக்குப் போயிட்டா அவள பாத்துக்க ஆளில்ல. இந்தப் போர்டை இப்பவே கழட்டி ஒடச்சிப் போட்டுடுறேன்."

திரும்பிப் பலகையில் கை வைத்தான்.

"அதத் தொடாத!"

கை அப்படியே நின்றது. அந்த அம்மாள் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். மகன் முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

மேசையை ஒட்டி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவரு ஆயுசுல ஒன்னக்கூடப் பத்த வச்சதில்ல தம்பி. நாலு வரைக்கும் குடிச்சது நான்தான், சீக்கிரம் அஞ்சாவத எடு."