தேறாத வரி

“மறுபடியும் கேட்கலை. தேறலைன்னு போட்டுக்கறேன்,” என்றாள் சைகல்.

எதிர் மேசையில் திலெக்கின் முகம் தொங்கிப்போனது.

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் இருந்த அந்தச் சின்ன அலுவலகம் கிர்கிஸ் மொழிக்கென்று ஒரு பிரவுசர் தயாரித்துக்கொண்டிருந்தது. சைகலுக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் காதில் கேட்டபடிதான் வேலை. ஒருவர் எழுதுவது இன்னொருவருக்கு உடனே தெரியும் பக்கங்களில், எழுத்து சேர்ந்தாலும் அழிந்தாலும் பிரவுசர் அந்த மென்பொருளுக்குச் சேதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவளுக்கு அந்தப் பக்கம் ஊமை.

சொல்ல வைப்பது திலெக்கின் வேலை. சொல்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை.

திலெக் எதையோ திருத்தினான். ஒரு வரி தட்டினான். சட்டென்று அழித்தான்.

“இப்போ?”

“ம்ஹூம். இன்னொரு தடவை தட்டுங்க.”

தட்டினான். அழித்தான்.

“கேட்கலை.”

அலுவலகத் தலைவி புருல் அக்காவுக்கே பொறுக்கவில்லை. சைகலிடம் வந்து குனிந்தாள்.

“ஏண்டி, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா? மத்தியானம் வாங்கின சம்சா அவன் மேசையில அப்படியே ஆறிக் கிடக்கு. இப்படியே தேறலை, தேறலைன்னா, பையன் இந்த வேலையை விட்டுட்டு, எல்லாரையும் போல ரஷ்யாவுக்குப் பிழைக்க ஓடிருவான்.”

“அதுக்காக, கேட்காததைக் கேட்டுதுன்னு சொல்லணுமா அக்கா?”

புருல் அக்கா நிமிர்ந்து திலெக்கைப் பார்த்தாள்.

“திலெக், கடைசியா ஒரு தடவை,” என்றாள் சைகல். “எழுதுங்க. ஆனா அழிக்காதீங்க.”

“அழிக்காமலா?” அவன் குரல் இடறியது.

“அழிக்காம.”

அவன் விரல்கள் அந்தரத்தில் நின்றன.

“தட்டேன்டா! என்னத்தை யோசிக்கறே?” என்று அதட்டினாள் புருல் அக்கா.

மெதுவாகத் தட்டினான். அழிக்கும் பொத்தான் வரை போன விரல் திரும்பி வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

புருல் அக்கா சைகலின் திரையை எட்டிப் பார்த்தாள்.

‘சைகல், உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. சாயந்திரம் என்கூட டீ குடிக்க வருவீங்களா?’

“அடப்பாவி! இது உனக்குக் கேட்டுதாடி?”

சைகல் ஹெட்போனைக் கழற்றினாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

“மத்தியானமே எல்லாம் சரியாயிடுச்சு அக்கா. கேட்காதுன்னு நினைச்சு இதையேதான் எழுதி எழுதி அழிச்சிட்டிருந்தார். அழிக்காம விடற தைரியம் வரட்டும்னுதான் தேறலைன்னு சொல்லிட்டிருந்தேன்.”