பொட்டிக்குக் காவல்

"மாமியா வெயில்ல காயறா. மருமவ கம்ப்யூட்டர் பொட்டிக்கு ஏசி போட்டுகினு இருக்கா. இன்னா காலம்டி இது!"

கிருமாம்பாக்கம் மார்க்கெட்டில் சங்கரா மீனை எடை போட்டபடியே திரௌபதி அன்றைக்கு மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

"உனக்கு ஒரு ஃபேனாவது போட்டுச்சா அந்தப் பொண்ணு?" என்றாள் மீன் வாங்க வந்த கல்பனா.

"எனக்கு எதுக்குடி? நான் இன்னா பொட்டியா?"

திரௌபதி சொன்னதில் பொய் இல்லை. பனித்திட்டில் அவள் வீட்டு உள்ரூமில் பகலெல்லாம் ஏசி ஓடியது. மருமகள் வைஜெயந்திக்கு வீட்டிலிருந்தே அனிமேஷன் வேலை. அவளுக்காக அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டிக் கொடுத்தவன் அவள் புருஷன் சுகுமார். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே அதை ஓட்டினார்கள். அந்த வேகத்துக்கு அது அடுப்பாகக் கொதிக்கும். அதனால் உள்ளே குழாய் விட்டு, சில்லர் மெஷினில் ஜில்லாக்கிய தண்ணீரை ஓட்டினார்கள்.

அங்கேதான் வம்பு. கடலோர ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ஐஸ் தண்ணி டம்ளர் வேர்க்கிற மாதிரி குழாயும் வேர்க்கும். ஒரு சொட்டு உள்ளே இருக்கும் போர்டில் விழுந்தால் எல்லாம் போச்சு. ஈரத்தை இழுக்க ஏசி, குழாயைச் சுற்றி ஸ்பாஞ்ச், ஈரத்தை அளக்கச் சுவரில் ஒரு மீட்டர்.

"என் மீன் பொட்டியுந்தான் வேர்க்குது. அதுக்கு நான் ஏசியா போட்டேன்?" என்று கேட்டாள் திரௌபதி.

"மீன் நனைஞ்சா ஒண்ணும் ஆவாது அத்த. இது நனைஞ்சா என் வேலையே போயிடும். நீங்களும் உள்ள வந்து படுங்களேன், ஜில்லுனு இருக்கும்."

"ஏசியிலயா? அது சீக்காளிங்களுக்கு. எனக்கு வேப்பமரக் காத்து போதும்."

போன வாரம் திங்கட்கிழமை. பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்த வைஜெயந்தி உள்ரூமுக்குள் போனதும் பதறிவிட்டாள். மீட்டரில் நாற்பத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் அறுபத்தெட்டு. குழாயெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். போர்டுக்கு மேலே ஒரு சொட்டு, இதோ விழப்போகிறேன் என்று தொங்கிக்கொண்டிருந்தது.

கரண்ட்டை நிறுத்தி, துணியால் ஒற்றி எடுப்பதற்குள் உயிர் போய் வந்தது.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. ஏசி ஓடுகிறது. ஜன்னல் மூடியிருக்கிறது. ஈரம் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

புதன்கிழமை மகளைக் கூட்டிவரப் பள்ளிக்குக் கிளம்பியவள், பாதி வழியில் போனை மறந்தது தெரிந்து திரும்பினாள். உள்ரூம் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஏசிக்கு நேர் கீழே, தரையில் பாய் போட்டு திரௌபதி மல்லாந்து கிடந்தாள். மீன் வாடை போகத் தலைக்குக் குளித்த கூந்தல், காய்வதற்காக விரித்துப் போடப்பட்டிருந்தது. துவைத்த புடவை நாற்காலி மேலே சொட்டிக்கொண்டிருந்தது. குறட்டை, கம்ப்யூட்டர் சத்தத்தையே அமுக்கியது.

வைஜெயந்திக்குச் சிரிப்பு வந்தது. குழாயைப் பார்த்தால் அழுகையும் வந்தது. ஈரத்தோடு படுக்காதீங்க அத்த என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால், நீங்கள் இங்கே படுப்பதைப் பார்த்துவிட்டேன் என்றும் அதற்கு அர்த்தம் ஆகிவிடும்.

போனைக்கூட எடுக்காமல் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள். மகளோடு திரும்பும்போது தெருமுனையிலேயே ஸ்கூட்டர் ஹாரனை இரண்டு முறை நீட்டி அடித்தாள்.

வாசலுக்கு வந்தபோது திரௌபதி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"யப்பா! இன்னா வேக்காடுடி!"

மறுநாள் காலை வைஜெயந்தி முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு வந்தாள்.

"அத்த, ஒரு உதவி. மத்தியானத்துல குழாய் வேர்க்குது. நீங்க கொஞ்ச நேரம் உள்ளயே இருந்து பார்த்துக்கணும். ஏசிய மட்டும் நிறுத்திடாதீங்க."

"இது வேறயா? எனக்கு ஏசி ஒத்துக்காதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும் அத்த. எனக்காக."

"சரி, சரி. உன் பொழப்பு கெடக் கூடாதுல்ல."

அதற்கப்புறம் மார்க்கெட்டில் பேச்சு மாறியது.

"மருமவ பொட்டிக்கு நான்தான் காவல்! ஜில்லுல கெடந்து கையி காலெல்லாம் மரத்துப் போவுது. இன்னா பண்றது, என்னை விட்டா அதுக்கு யாரு இருக்கா?"

"நீயா இருக்கறதாலதான் இவ்ளோ செய்யிறக்கா" என்றாள் கல்பனா.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி இல்லை. ஆனாலும் மதியம் குளித்துவிட்டு வந்த திரௌபதி பாயை எடுத்தாள்.

"இன்னிக்கு லீவுதானே அத்த?"

"லீவு ஸ்கூலுக்குத்தான்டி. பொட்டிக்கு ஏது லீவு?"

கொஞ்ச நேரம் கழித்து, வீட்டிலிருந்த சுகுமார் உள்ரூமுக்குள் எட்டிப் பார்த்தான். குனிந்து கம்ப்யூட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏய், வேகத்தைப் பழையபடி கொறச்சிட்டியா? அதான் ரெண்டு நாள் வேலைய நாலு நாளா இழுத்துகினு இருக்கியா?"

வைஜெயந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினாள்.

"சில்லரும் ஆஃப்ல கெடக்கு. தண்ணி ஜில்லாவே இல்லன்னா குழாய் எப்படி வேர்க்கும்? அப்புறம் ஏசி எதுக்கு? அம்மா எதைத்தான் காவல் காக்குறாங்க?"

அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க. அத்த இப்பத்தான் கண்ணசந்தாங்க."