கடைசித் தேதி

“என் வயித்துல பொறந்தவ. அவ மார்க்கை எனக்கே சொல்ல மாட்டீங்களா?”

வெர்னா கவுண்டரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு கேட்டாள். கல்லூரி அலுவலகத்தின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த க்ளைட், தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். இந்தக் கோபம் அவருக்குப் புதிதல்ல.

“சொல்லக் கூடாதும்மா. சட்டம் அப்படி. காலேஜ்ல சேர்ந்தாச்சுன்னா, வயசு பதினாறே ஆனாலும் அவங்க எங்க மாணவி. அவங்க சரின்னு சொல்லாம பெத்தவங்ககிட்ட நான் வாயைத் திறக்க முடியாது.”

“அவ இன்னும் ஹைஸ்கூல் பொண்ணு. காலையில போர்வையை இழுத்து எழுப்பி விடறதே நான்தான்.”

“அப்போ ஹைஸ்கூல்ல போய்க் கேளுங்க, சொல்வாங்க. இங்க நடக்கற கணக்கு வகுப்பைப் பத்தி நான் சொல்ல முடியாது.”

வெர்னாவின் முகம் சிவந்தது. பின்னே சிவக்காதா? கான்சஸ் கோதுமை வயல்களுக்கு நடுவே கிடக்கிற அவர்கள் ஊர்ப் பள்ளிக்கு இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்ததே அவள்தான். பள்ளியில் படிக்கும்போதே பஸ் ஏறி வந்து கல்லூரிப் பாடமும் படிக்கலாம். பஸ்ஸுக்கு டீசல் யார் போடுவது என்று பள்ளி வாரியம் இழுத்தடித்தது. கூட்டத்துக்குக் கூட்டம், பொதுமக்கள் பேசக் கொடுக்கும் அந்த மூன்று நிமிடத்துக்கு மைக்கைப் பிடித்துச் சண்டை போட்டு, போன கோடையில்தான் ஜெயித்தாள். அப்படிப்பட்டவளிடம் நேற்று மளிகைக் கடையில் ஒருத்தி, “பாவம் டெஸ்ஸா, கணக்குல தேறமாட்டாளாமே, என் பையன் சொன்னான்” என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போனாள்.

“சரி, யாரோ ஒரு பிள்ளை தேறலைன்னு வைங்க. என்ன ஆகும்? அதுக்கும் சட்டம் இருக்கா?”

“அந்த ஃபெயில் அழியாதும்மா. நாளைக்கு எந்தக் காலேஜுக்குப் போனாலும் கூடவே வரும்.”

“தப்பிக்க வழி?”

“இருந்தது. அக்டோபர் கடைசித் தேதிக்குள்ள வகுப்பை விட்டு விலகிட்டா ஃபெயில் விழாது. இப்போ டிசம்பர் வந்தாச்சே.” க்ளைட் வேறு ஏதோ சொல்ல வந்து, உதட்டை அழுத்தி மூடிக்கொண்டார்.

“விலகறேன்னு அவ வந்தாளா?”

“அதையும் சொல்லக் கூடாது.”

“ரொம்ப நல்லா இருக்கு உங்க சட்டம். வாரியத்துல அந்த ரோஸ்கோ இனி மீசையைத் தடவிக்கிட்டே சிரிப்பான். ‘பால்குடி மறக்காத பிள்ளைங்களுக்குக் காலேஜ் எதுக்குன்னு அன்னிக்கே கேட்டேனே’ம்பான்.”

அந்த நேரம் பார்த்து வகுப்பு விட்டது. பிள்ளைகள் பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள். கடைசியாக வந்த டெஸ்ஸா, கவுண்டர் பக்கம் திரும்பியதும் அப்படியே நின்றாள்.

“அம்மா? நீ எங்கே இங்க?”

“ஃபெயிலாகப் போறியாமே.”

டெஸ்ஸா தன் ஷூவைப் பார்த்தாள். “ஆமா.”

“எப்போலேர்ந்து தெரியும் மகாராணிக்கு?”

“செப்டம்பர்லயே. உட்கார்ந்து உட்கார்ந்து படிச்சேம்மா. மண்டையில ஏறலை.”

“அப்போ விலகித் தொலைச்சிருக்கலாமே. கடைசித் தேதி தெரியாதா உனக்கு?”

“தெரியும். அன்னிக்கு இதே கவுண்டர் வரைக்கும் வந்தேன். ஒண்ணும் கேக்காம திரும்பிப் போயிட்டேன்.”

“ஏன்? என்னைத் தலைகுனிய வைக்கணும்னா? தொண்டை கிழியக் கத்தி வாங்கிக் கொடுத்தேண்டி. இப்படியா பாழாக்குவே? வேற ஒரு பிள்ளை அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தா இந்நேரம் தேறியிருக்கும்.”

“வேற ஒரு பிள்ளை இருந்திருந்தா நான் அன்னிக்கே எழுந்து போயிருப்பேம்மா.”

“என்னடி உளர்றே?”

வெளியே மஞ்சள் பஸ் ஹாரன் அடித்தது. கணக்குப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிய ஒரு பையன் வாசலிலிருந்து திரும்பிக் குரல் கொடுத்தான். “டெஸ், வா. நீ ஏறாம வண்டி கிளம்பாதுன்னு தெரியாதா?”

டெஸ்ஸா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். அவள் குரலில் இப்போது கோபம் இருந்தது.

“மொத்தமே பத்துப் பேர்தாம்மா இருக்கோம். ‘பத்துப் பேரைக் காட்டறேன், அதுல ஒருத்தர் குறைஞ்சாலும் அன்னிக்கே பஸ்ஸை நிறுத்திடுங்க’ன்னு கடைசிக் கூட்டத்துல மைக்கைப் பிடிச்சுச் சொன்னது நீதானே?”