காளவாய்ச் சுவர்

பெரார்தோவின் பாம்பு மேசைமேல் நீண்டுகொண்டே போனது.

அளவு நாடாவைக் கடைசி வரை இழுத்து, ஒரு மீட்டர் எண்பத்தேழு என்றாள் பாம்பு ஆராய்ச்சிக்காரி டாக்டர் கமில்லா. ஒராட்சியோ தன் பையின் வாயை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினான். அதற்குள் இருந்தது ஒரு மீட்டர் அறுபத்தொன்பது.

மே மாதம் முதல் தேதி, அந்த இத்தாலிய மலையூரின் பாம்புத் திருவிழா. நண்பகலில் புனிதர் தொமினிக்கோ தன் கோவிலை விட்டு ஊர்வலமாக வெளியே வருவார். ஊர்க்காரர்கள் பிடித்த பாம்புகளை அவர் சிலைமேல் போடுவார்கள். எது நீளமோ அதற்குத்தான் அவர் கழுத்தில் முதல் இடம். இருபத்தாறு வருடம் அந்த இடம் ஒராட்சியோவுடையது.

போன இரண்டு வருடம் பெரார்தோ வாங்கிக்கொண்டான். இது மூன்றாவது.

யார் இந்த பெரார்தோ? துரின் நகரத்தில் முப்பது வருடம் கார் கதவுகளுக்கு வர்ணம் அடித்தவன். பெண்டாட்டி இறந்த பிறகு ஊருக்குத் திரும்பியவன். பாம்பைத் தூக்கும்போது இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் கையில் வந்து விழுகிறது, மலையிலேயே பெரிய நாற்கோட்டுப் பாம்பு.

ஒராட்சியோவுக்கோ மூன்று வசந்தமாக நல்ல இடமெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. பாம்புகளைத் தின்றுவிடுகின்றன என்று காட்டுப்பன்றிகளைத் திட்டிக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடத்து அறை வாசலில் எர்சிலியா நின்றிருந்தாள். இடுப்பில் ஊர்வலத்துக்கான வளைய ரொட்டிக் கூடை. பாம்பென்றால் நடுங்குகிற அவன் மனைவி, அவன் ஜெயித்த வருடங்களில் ஒருநாள்கூட இந்தப் பக்கம் வந்ததில்லை. அவன் தோற்கத் தொடங்கிய பிறகுதான் வாசல் வரை வருகிறாள். தனியாக விடக்கூடாதென்று நினைக்கிறாள் போலும். அவள் கண்முன் தோற்பதுதான் அவனுக்கு இன்னும் கசந்தது.

கமில்லா பாம்பின் முதுகில் கருவியை ஓட்டினாள். அது கீச்சென்றது.

தோலுக்கடியில் அடையாள எண் சிப் இருக்கிறது. அப்படியானால் முன்பே ஒரு முறை பிடிபட்ட பாம்பு. பெரார்தோ இதுவரை கொண்டுவந்த எதிலும் சிப் இருந்ததில்லை. கமில்லா கணினியில் எண்ணைத் தட்டி, சிரித்தபடியே திரையை ஒராட்சியோ பக்கம் திருப்பினாள். ஏழு வருடத்துக்கு முந்தைய படம். முதுகில் புள்ளிகள் இன்னும் அழியாத இளம்பாம்பு. கீழே பிடித்தவன் பெயர், ஒராட்சியோ. இடம், பழைய சுண்ணாம்புக் காளவாய்.

அவனுக்கு நினைவிருந்தது. வயதான பிறகுதான் இவற்றுக்கு நான்கு கோடுகள் வரும். குட்டியில் விரியன் மாதிரியே புள்ளி புள்ளியாக இருக்கும். குட்டியும் பெரியதும் வேறு வேறு சாதி என்றே நினைத்து, குட்டியைக், கண்ட இடத்தில் அடித்துக் கொல்வார்கள். அவன் கொல்லவில்லை. சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்து, சிப் வைத்த பிறகு அதே கல்லிடுக்கில் தன் கையாலேயே விட்டான்.

இடத்தின் பெயரை கமில்லா வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒவ்வொருவன் இடமும் ரகசியம் என்று அவளுக்குத் தெரியும். பாம்பு ஒராட்சியோவுடையது என்பது மட்டும் அறை முழுக்கப் பரவிவிட்டது.

“என்ன ஒராட்சியோ, நீ ஊட்டி வளத்தது அவன் பின்னாடி போயிடுச்சே!” என்றான் கசாப்புக்கடை பாஸ்குவாலே. எல்லாரும் சிரித்தார்கள்.

பெரார்தோ சிரிக்கவில்லை. பிடித்த இடம் என்று ஆற்றங்கரை ஆலையை எழுதிக் கொடுத்திருந்தான். ஆலைக்கும் காளவாய்க்கும் நடுவே ஒரு மலை இருக்கிறது.

ஆணாக இருந்தால் வந்திருக்கும் என்று ஒராட்சியோ நினைத்தான். வசந்தம் வந்தால் ஆண் பாம்பு நாக்கை நீட்டி நீட்டிப் பெண்ணின் வாசனையைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ போகும். மலைகூடத் தாண்டும். ஆணாக மட்டும் இருந்துவிட்டால் யார்மேலும் தப்பில்லை.

ஆணா என்று கேட்டான்.

கமில்லா வாலடியை விரலால் தடவிப் பார்த்தாள். “பொண்ணுங்கய்யா. இதுங்க தன் சுவர விட்டு லேசுல நகராது. யாராவது அங்க போய்த்தான் எடுத்திருக்கணும்.”

சிரிப்பு நின்றது. அடுத்தவன் இடத்தில் கை வைத்தவனை இந்த ஊரில் யாரும் ஊர்வலத்தில் சேர்ப்பதில்லை. பெரார்தோவின் காதுகள் சிவந்திருந்தன. ஒராட்சியோவின் இடம் உனக்கு எப்படித் தெரிந்தது என்று பாஸ்குவாலே அவனை அதட்டினான்.

சாலையிலிருந்து பார்த்தால் காளவாய் தெரியாது. முட்புதருக்குள் குனிந்து போக வேண்டும். கையைப் பிடித்துக் கூட்டிப் போகாமல் யாராலும் போக முடியாது.

ஒராட்சியோ வாசலைப் பார்த்தான். எர்சிலியா அவனைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த பாம்பையும் பார்க்கவில்லை. கூடையின் பிடியில் அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

“நான்தான் காட்டுனேன்,” என்றான் ஒராட்சியோ. “எனக்கு முட்டி வலி. அங்கெல்லாம் ஏற முடியல.”

எவனாவது தன் இடத்தைக் காட்டுவானா என்று யாரோ முணுமுணுத்தார்கள். பெரார்தோ அப்போதுதான் தலையைத் தூக்கினான். கமில்லா பாம்பைப் பைக்குள் விட்டு, முதலாவது என்று சீட்டுக் கட்டினாள்.

அந்தச் சுவரை ஒராட்சியோ தன் வாழ்நாளில் ஒரே ஒருவருக்குத்தான் காட்டியிருந்தான். கல்யாணமான வருடம். கல்லிடுக்கிலிருந்து ஒரு பாம்பு தலையை நீட்டியதும் செருப்பை விட்டுவிட்டு எர்சிலியா ஓடினாள். முள் குத்தக்கூடாதென்று, சாலை வரை அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான்.