மிக நன்று

"மிக நன்றுன்னே போட்டுக்கோ, தம்பி."

லிம்பானி கைப்பேசித் திரையிலிருந்து தலையை நிமிர்த்தினான். அந்த அம்மாள் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அதிபரின் படம் அச்சிட்ட துணியை இடுப்பில் சுற்றியிருந்தார். அதிபர் சரியாக அவருக்கு அடியில் மாட்டிக்கொண்டு, நசுங்கிய முகத்தோடு சிரித்தார்.

துணியை வைத்து லிம்பானி ஒரு முடிவுக்கும் வரவில்லை. போன தேர்தலில் லாரியில் கொண்டுவந்து வீசினார்கள். நாட்டில் பாதிப் பெண்கள் அதைக் கட்டுகிறார்கள், மீதிப் பேர் அதில் தரை துடைக்கிறார்கள். துவைத்துத் துவைத்து அதிபருக்கு இப்போது எந்தத் துணியிலும் மூக்கு கிடையாது. இதில் மட்டும் மூக்கு பளிச்சென்று இருந்தது.

"அம்மா, நான் கேட்டது தண்ணி. 'உங்கள் பகுதிக்குக் குடிநீர் வழங்குவதில் அதிபரின் செயல்பாடு எப்படி?'"

"காதுல விழுந்துச்சு. மிக நன்று."

முற்றத்துக் குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது.

"மக்காச்சோள மாவு விலையைக் கட்டுப்படுத்துறதுல?"

"மிக நன்று."

"மின்சாரம்?"

"அதைவிட நன்று. அப்படி ஒண்ணு இருக்கா?"

"இல்லை."

"அப்ப மிக நன்று."

லிம்பானி பல்லைக் கடித்தான். காலையிலிருந்து சிகோண்டி குடியிருப்பு முழுக்க இதே பதில்தான். பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒப்பித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் மேற்பார்வையாளர் சற்றுமுன்தான் போனில் கத்தியிருந்தார். "டேய், மரத்தடியில உக்காந்துக்கிட்டு நீயே எல்லாத்தையும் தட்டி விடுறியா? இன்னும் ஒரு வீடு இதே மாதிரி வந்துச்சுன்னா உனக்கு வேலை கிடையாது."

அந்த இன்னும் ஒரு வீடு, இதுதான்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?"

அம்மாள் உள்ளே போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் நெடுநேரம் கேட்டது. கடைசியில் குழம்புக் கிண்ணத்தில் தண்ணீர் வந்தது. "குவளையை எங்கதான் வச்சுத் தொலைச்சாங்களோ," என்றார் அம்மாள்.

வேலிக்கு வெளியே ஒருத்தி தலையில் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவுமில்லை, நகரவுமில்லை. லிம்பானி கையசைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கேள்வியை உள்ளபடி படிக்க வேண்டும். கோபம் கூடாது. சொந்தக் கருத்து கூடவே கூடாது. பயிற்சியில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். கிண்ணத்தைக் கீழே வைப்பதற்குள் லிம்பானிக்கு அத்தனையும் மறந்துபோனது.

"எதுக்கும்மா பயப்படுறீங்க? உங்க பேரை நான் எழுதவே மாட்டேன். உண்மையைச் சொன்னா என்ன?"

"எது உண்மை? நீதான் சொல்லேன், கேப்போம்."

"சொல்றேன், கேளுங்க! எங்க அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தப்போ கையுறை, பிளேடு, மெழுகுவத்தி எல்லாம் நாங்கதான் வாங்கிட்டுப் போனோம். அரசாங்க ஆஸ்பத்திரி, கரண்ட் கிடையாது. மெழுகுவத்தி தீர்ந்துபோச்சு. என் போன் வெளிச்சத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதுல சார்ஜ் தீர்ந்தப்போ அக்கா..." உடைந்த குரல் அடுத்த நொடியே எகிறியது. "மறுநாள் ரேடியோவுல இந்த ஆளு பேசுறான், ஊரெல்லாம் வெளிச்சம் குடுத்துட்டேன்னு! இவனுக்கு மிக நன்றா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

அம்மாள் கடலை உரிப்பதை நிறுத்தினார்.

"அடப் பாவமே. அக்கா பேரு என்ன?"

"டாலித்சோ."

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னான்.

"உன் பேரு?"

அந்த நாட்டில் பேர் கேட்டால் வெறும் பேரைச் சொல்வது மரியாதையில்லை. குடும்பப் பேர், ஊர், ஊர்த்தலைவர் பேர் வரைக்கும் சொல்ல வேண்டும். லிம்பானி மரியாதை தெரிந்தவன். எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்ப உன் கணக்குல அவரு எப்படி?"

"மிக மோசம். அதுக்குக் கீழ ஒரு கட்டம் இருந்தா அதுல போடுவேன். எங்க ஊரே அப்படித்தான் சொல்லும்."

"ஊரேவா?"

"ஒருத்தர் பாக்கியில்லாம."

அம்மாள் மெல்லத் தலையை ஆட்டினார். இத்தனை நாளில் ஒருவராவது தன்னை உட்காரவைத்துக் கேட்டாரே என்று லிம்பானிக்கு நெஞ்சு லேசானது. கைப்பேசியை எடுத்தான்.

"கடைசிக் கேள்விம்மா. 'இந்தக் கணிப்புக்காக எங்களை யார் அனுப்பியதாக நினைக்கிறீர்கள்?' தெரு முழுக்க அரசாங்கம்னுதான் சொன்னாங்க. நீங்களும் அதையே சொல்லி என் வயித்துல அடிக்காதீங்க."

"சேச்சே. உன்னை அரசாங்கம் அனுப்பல. தலைநகர்ல இருக்குற ஒரு கம்பெனி. எனக்குத் தெரியுமே."

அன்றைக்குக் கிடைத்த முதல் சரியான பதில். மற்ற வீடுகளிலிருந்து மாறிய ஒரே பதிலும்கூட. வேலை பிழைத்தது. லிம்பானி முகம் மலரத் திரையைத் தட்டினான்.

அம்மாள் எழுந்து துணியில் ஒட்டிய கடலைத் தோலைத் தட்டிவிட்டார். அதிபரின் முகம் சுருக்கம் நீங்கி முழுசாக விரிந்தது. வேலிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, இனி நீ உள்ள வரலாம். உன் வீட்டுல எனக்கு வேலை முடிஞ்சுது."

பிறகு லிம்பானியிடம் திரும்பினார். கோபமில்லாமல், சொந்தக் கருத்து இல்லாமல், அவனுடைய பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே கேட்டார்.

"இப்ப நீ சொல்லு, தம்பி. என்னை யாரு அனுப்பினதா நினைக்கிற?"