வருகையின் நோக்கம்

"இந்த ஊருக்கு வேலைக்கு வந்த நாலு வருஷமா கேட்டும் பக்கத்து நாட்டுக்குக் கூட்டிட்டுப் போகாத மனுஷன், இப்ப வெள்ளிக்கிழமையே கிளம்பணும்னா என்னங்க அர்த்தம்?"

"ஆசைதான்மா."

அவள் நம்பவில்லை. ஒரு மாதமாக அவன் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுகிறான். அவள் வந்தால் வைத்துவிடுகிறான். அக்காவிடம் சொன்னபோது, "சட்டையில வாசனை ஏதாவது?" என்றாள். முகர்ந்து பார்த்தாள். வெறும் வியர்வை.

போன இடத்திலும் அவன் கடலைப் பார்க்கவில்லை, போனையே பார்த்தான். அவளுடைய பாஸ்போர்ட்டைக்கூட அவளிடம் தரவில்லை.

ஞாயிறு மாலை, திரும்பும் வழியில், எல்லைச் சாவடி வரிசையில் கேட்டேவிட்டாள்.

"யாருங்க அவ?"

"எவ?"

அதற்குள் கவுண்டர் வந்துவிட்டது. "வருகையின் நோக்கம்?" என்றார் அதிகாரி.

"சுற்றுலா," என்றான்.

"எதுக்குப் பொய்? நாம குடியிருக்கிறதே இங்கதானே?"

நல்லவேளை, அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"வேலை போய் ஒரு மாசமாச்சு. வெள்ளியோட விசா கெடு முடிஞ்சுது. வெளிய போயிட்டு வந்தா சுற்றுலா விசால இன்னும் முப்பது நாள் இருக்கலாம். அதுக்குள்ள வேற வேலை தேடிடுவேன்."

தினமும் காலியாகத் திரும்பி வந்த டிபன் பாக்ஸ் அவள் நினைவுக்கு வந்தது.

"எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?"

"பார்க்ல."

அதிகாரி அவளுடைய பாஸ்போர்ட்டைத் திறந்தார். "உங்கள் நோக்கம்?"

அவள் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, அதிகாரிக்குப் புரியும் மொழியில் சொன்னாள்.

"ஊர் சுத்திப் பாக்கத்தான் சார். ரொம்ப நாளா கேட்டு, இப்பதான் கூட்டிட்டு வந்திருக்கார்."