பொத்திய இருமல்
சதுப்பு நீரில் படகு அசையாமல் நிற்கிறது. முனையில் கேமராவோடு கணவர். பின்னால், துடுப்பைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு மனைவி. ஜலதோஷம் பிடித்தவள், ஒரு கையால் வாயை இறுகப் பொத்தியிருக்கிறாள். இருமினால் படகு ஆடும், படமும் போச்சு. நாலு நாளாகத் தலைகாட்டாத வெயில் மேகத்தை விலக்கிக்கொண்டு கோரைப்புல்லின் மேல் மஞ்சளாகச் சாய்கிறது. நடுவில் ஒரு கொக்கு, ஒற்றைக்காலில். ஷட்டர் மூன்று முறை சொடுக்குகிறது. அவர் கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை இழுக்கிறார். "முடிஞ்சுது தாயே, இப்ப ஆசைதீர இருமிக்கோ." அவள் இருமுகிறாள். அங்கே இருந்ததே தெரியாத நூற்றுக்கணக்கான காட்டு வாத்துகள் கோரைக்குள்ளிருந்து ஒரே வீச்சில் எழும்புகின்றன. ஒவ்வொரு சிறகிலும் வெயில். அவர் கை ஜிப்பிலேயே நின்றுவிடுகிறது. வானம் காலியாகிறது, மேகம் மூடிக்கொள்கிறது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்கிறாள்: "இன்னொரு தரம் இருமட்டுமா?"